பிள்ளையார் காலடியில் கோடரி

ஓவிய ஆசிரியர் வேலைக்கு நடுவே மூன்று வருடம், சேலத்தில் ஒரு காட்சிக்கூடத்தின் கல்விப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தேன். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மாதக் கடைசியில் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். வந்த குழந்தைகள் எத்தனை பேர்? வேறு கேள்வியே அதில் கிடையாது.

முதலில் நானும் அந்தத் தலைக்கணக்குக்காகத்தான் உழைத்தேன். நடுகல் முன்னால் உட்காரவைத்து "பார்த்து வரைங்க" என்பேன். பிள்ளைகள் கல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பெயர்ப்பலகையை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் தலைப்புக்கு அடிக்கோடு வேறு.

அப்புறம்தான், கல்லில் செதுக்கியதை மையால் தாளில் பதிக்கும் மைப்படி எடுக்கலாம் என்று தோன்றியது. அசல் கல்லில் கைவைக்க முடியாது. சிமெண்டில் ஒரு நடுகல் வார்த்தேன். ஈரத்தாளை விரித்து, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, கொஞ்சம் காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்றவேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெளுத்து நிற்கும். அவசரப்பட்டால் தாள் கிழியும். முதல் நாள் கிழிந்ததே அதிகம். ஒருவன் சட்டையும் போனது, அவன் அம்மாவிடம் நான் பேச்சு வாங்கினேன்.

ஆனால் தாளைத் தட்டிய விரல்கள்தான் வீரன் மார்பில் இருந்த அம்பைக் கண்டுபிடித்தன. காலடியில் மாடுகள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் கதையை நான் ஆரம்பிப்பதற்குள் எல்லாரும் அசல் கல்லிடம் ஓடிவிட்டார்கள். சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி கல்லோடு முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல கோடு கீறிட்டுத்தான் சார் வெட்டிருப்பாங்க. எங்கப்பாவும் அப்படித்தான்" என்றாள். பத்து நிமிடம் அவள்தான் வகுப்பு எடுத்தாள்.

அந்தத் தைரியத்தில் ஒருமுறை சிமெண்ட் கல்லை வேனில் ஏற்றினோம். கூடவே புதிய கற்காலக் கோடரி ஒன்றின் பிளாஸ்டர் நகல். கல் ஆடாமலிருக்கச் சாக்கு முட்டுக்கொடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏற்காடு தாண்டி ஒரு சிற்றூர்.

மைப்படியை ஊரே வேடிக்கை பார்த்தது. கோடரியைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரித்தார். "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? எங்க புள்ளையாருகிட்டயே கெடக்குதுங்களே."

நடந்து போனோம். மரத்தடியில் பிள்ளையார், முன்னால் விளக்கெண்ணெய்ப் பிசுக்கோடு வழவழவென்று தீட்டிய இரண்டு கற்கோடரிகள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். சேர்வராயன் மலையில் இப்படிக் கோடரிகளைப் பிள்ளையாருக்கு வைப்பது அவர் காலத்துக் குறிப்புகளிலேயே உண்டு. அவர் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. படித்திருந்தேன், ஆனால் எண்ணெய் வாசனையோடு பார்ப்பது வேறு.

மீதி நேரம் பெரியவர் பேச, பிள்ளைகள் வரைந்தார்கள். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். ஃபூட் கதையை மட்டும் இடையில் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "மெட்ராஸ்ல இருக்கற கல்லுக்கு யாரு சார் எண்ணெ வைக்கறாங்க?"

யாரும் வைப்பதில்லை என்றேன். "பாவம்" என்றான்.

அந்த மாதப் படிவத்தில் 14 என்று எழுதினேன். பெரியவரையும் சேர்த்து 15 போடலாமா என்று கேட்டதற்கு, குழந்தைகள் மட்டும்தான் என்றார்கள்.