வாங்கும் மேசை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து நடந்து வரும் தொலைவில், ஒருமுறை இருமுறை உடுத்திய துணிகளை விலைக்கு வாங்கியும், உடையவருக்காக விற்றுத் தந்தும் நடக்கும் கடை ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சாலையில் தோள் உரசாமல் நடக்க முடியாது என்பதும், ஒரு குழந்தைக்குப் புதுச்சட்டையை அங்கே எவ்வளவு குறைந்த விலையில் எடுத்துவிடலாம் என்பதும் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அன்றாடம் உடுத்தும் சுடிதாரையும் சட்டையையும் பழசு, ஆனால் மலிவு என்று சொல்லி இங்கே விற்க நினைப்பது வீண் வேலை. புதிதாக எடுத்தால் கையைக் கடிப்பவை, எடுத்தபின் பீரோவை விட்டு வெளியே வராதவை, இவைதாம் எங்கள் சரக்கு: ரிசப்ஷன் லெகங்கா, ஷெர்வானி, கோட்டு சூட்டு, பட்டுப்புடவை, சிறுமிகளின் பட்டுப்பாவாடை, ராயபுரம், பெரம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவத் திருமணங்களில் மணப்பெண் அணியும் வெள்ளை கவுன்.

இத்தகைய கடையின் லாபமும் நட்டமும், கொண்டுவரும் துணியைப் பார்த்து விலை சொல்லும் வாங்கும் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றன. அங்கே ஏமாந்து வாங்கிய துணியை எத்தனை கெட்டிக்கார விற்பனையாளராலும் தள்ளிவிட முடியாது. எனவே ஆள் எடுக்கும்போது முதலில் அந்த மேசைக்குத்தான் தேடினேன். ஜவுளிக்கடை அனுபவம் உள்ளவர்களைவிட, ஏற்றுமதி கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி அந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தார். அவர் ஒரு லெகங்காவைக் கையில் எடுத்தால் முன்பக்க வேலைப்பாட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் உட்புறத்தைத் திருப்பி, அக்குள் லைனிங்கில் வியர்வைக் கறை இருக்கிறதா, ஜிப்பு முழுதாக ஏறி இறங்குகிறதா, பிரித்துவிட உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். அடுத்தவர் உடம்புக்குத் தைத்ததை இன்னொருவர் உடம்புக்கு ஏற்றுவதுதான் எங்கள் தொழில் என்பதால், பிரித்துவிட இடமில்லாத ரவிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாதி விலைதான்.

பட்டுப்புடவை என்றால் வேறு கணக்கு. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். மேசையில் வைத்துத் தடவினால் ஒன்றும் தெரியாது, விரித்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தால் கோடு கோடாக வெளிச்சம் கசியும். உடையவர் சம்மதத்தோடு முந்தானை ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை ஊசிமுனையால் சுரண்டி, அசல் ஜரிகைக்கு அடையாளமான சிவப்புப் பட்டுநூல் உள்ளே தெரிகிறதா என்றும் அவர் பார்ப்பார். மடிப்பில் இற்ற, ஆனால் அசல் ஜரிகை உள்ள புடவையை நாங்கள் எடுப்பதில்லை. ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகப் பழைய பட்டு வாங்கும் கடைக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லியே அனுப்புகிறோம். கையில் வந்த பொருளை இப்படி அனுப்பிவைப்பது வியாபாரமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த முறை வேறு துணியோடு திரும்பி வருகிறார்கள் என்பதே என் பதில்.

மேசையில் இருப்பவருக்கு மாதச் சம்பளம் மட்டும்தான், கமிஷன் கிடையாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கத் தோன்றும். விற்பனைப் பகுதியில் நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஊக்கத்தொகை உண்டு. 'நிற்கும்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்றே தீர வேண்டும் என்ற கொடுமைக்கு எதிராக, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு திருத்தம் வந்து, இருக்கை தருவது கட்டாயமாகிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, கால் வலியோடு நிற்பவர் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச மாட்டார். இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம்: நல்ல துணி வந்தால் பணியாளர்கள் விரும்புவது இயல்புதான், ஆனால் அது ஒரு வாரமாவது கடையில் தொங்கிய பிறகே, அட்டையில் உள்ள விலைக்கே அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உடையவருக்கு விலை சொல்லும் வாயும் வாங்க விரும்பும் வாயும் ஒன்றாகிவிடும்.

விளம்பரத்தில், புதுத்துணிக் கடைக்குப் பொருந்துபவை எல்லாம் இங்கே தலைகீழாகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அக்கம்பக்கத்தார் கண் என்ற அச்சம் உண்டு. அதனால் எங்கள் பையில் கடையின் பெயர் கிடையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு புடவையைப் போடுவதானால், உடையவரிடம் கேட்காமல் போடுவதில்லை. நாத்தனார் எடுத்துக் கொடுத்த புடவையை அந்த நாத்தனாரே கைபேசியில் பார்த்துவிட்டால் ஒரு குடும்பச் சண்டைக்கு நாம் பொறுப்பாவோம். விலைக்கு வாங்காமல் விற்றுத் தந்தால், விற்ற விலையில் 60 விழுக்காடு உடையவருக்கு, 40 கடைக்கு என்பது எங்கள் ஏற்பாடு. விற்ற பணம் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி, கேட்காமலே ஜிபேயில் போய்ச் சேர வேண்டும். நோட்டீஸ் அடித்ததைவிட இந்தப் பத்தாம் தேதிதான் எங்களுக்கு அதிகம் பேரை அழைத்து வந்திருக்கிறது.

பேரம் இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. "இன்னாக்கா, கடைசியா சொல்லு" என்று கேட்பவரிடம் 'ஒரே விலை' என்று முகத்தைத் திருப்பினால் அவர் அடுத்த முறை வரமாட்டார். ஆனால் பணியாளர் ஒவ்வொருவரும் தம் மனம்போல் குறைத்தால், உடையவருக்கு நாம் சொன்ன கணக்கு உதைக்கும். ஆகவே விலை அட்டையிலேயே துணி வந்த தேதியை எழுதி, ஒரு மாதம் கடந்தால் இவ்வளவு, இரண்டு மாதம் கடந்தால் இவ்வளவு என்று இறங்கும் விலைகளையும் எழுதிவிடுகிறோம். பணியாளர் அட்டையைக் காட்டி, "அடுத்த வாரம் வந்தா கொறையும்க்கா, ஆனா இருக்குமான்னு தெரியாது" என்று சொல்வார். பெரும்பாலானோர் அன்றே எடுத்துப் போகிறார்கள். மூன்று மாதம் கடந்தும் போகாத துணி உடையவருக்கே திரும்பிவிடும்.

வரி பற்றி ஒரு சொல். விலை கொடுத்தே வாங்கி விற்கும் பழைய பொருளுக்கு, உள்ளீட்டு வரிச் சலுகை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காதவரை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீதுதான் ஜிஎஸ்டி. இதற்கு வாங்கிய விலையைத் துணிவாரியாக எழுதி வைத்திருக்க வேண்டும். அதுவும் அந்த மேசையின் வேலைதான்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் லெகங்கா நகராது. ஆனால் மார்கழிக் கடைசியில் போகிக்காகப் பீரோவை ஒழிப்பவர்கள் அந்துருண்டை நாற்றத்தோடு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த நாட்களில் ஒருவருக்கு ஐந்து உருப்படிக்கு மேல் பார்ப்பதில்லை என்றும், காலை வேளையில் மட்டும் டோக்கன் என்றும் வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுகிறோம். மீதமுள்ள மூட்டையோடு வருத்தப்படுபவர்களுக்கு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருவார் என்ற விவரம் எங்கள் பணியாளர்களுக்குத் தெரியும்.