மலையைக் காணோம்

"மத்தியானம் மெட்ராசுல மீட்டிங். போகலைன்னா யாருங்க பதில் சொல்றது?"

சேலத்துக்குப் பக்கத்தில் காமலாபுரம் விமான நிலையம். மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே சேர்வராயன் மலையையே காணோம்.

கவுண்டரில் இருந்த பொண்ணு மூணாவது தடவையாக அதே குரலில் சொன்னது: "பைலட்டுக்கு ரன்வே தெரியணும் சார்." கை மட்டும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது.

நானும் உள்ளுக்குள் முனகிக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

1977இல் டெனெரீஃப் தீவில் இதே மாதிரி பனி. ஏற்கெனவே தாமதம். அனுமதி வருமுன்னே ஒரு ஜம்போ விமானம் ஓட ஆரம்பித்து, ஓடுதளத்தில் இருந்த இன்னொன்றில் மோதியது. 583 பேர். வரிசையில் நின்றபடி ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது.

போன மாசம் ஏற்காடு பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பனி மறைத்து டிரைவர் ஓரங்கட்டினார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பின்சீட்டுப் பாட்டி மட்டும், "நிதானமாவே போ சாமி, அங்க எந்த ராசா காத்துக்கிட்டு இருக்கான்" என்றது.

கீழே பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது இல்லையா, அதனாலோ என்னவோ.

ஒன்பதரைக்கு மலை மெல்லத் தலைகாட்டியது. வரிசையில் முதல் ஆளாக மீட்டிங்காரர்.