தம்பி கயிறு ஏறின நாள்

போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு, எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் வாசல்ல விடியக்காலையிலயே பசங்க கூட்டம், தம்பியும் உள்ள போனான். எழுத்துத் தேர்வு முன்னாடியே முடிஞ்சிருச்சு, அதுல தமிழ் பேப்பர் ஒண்ணு இருக்கு, 80க்கு 32 எடுக்கலைன்னா மெயின் பேப்பரையே திருத்த மாட்டாங்க. இப்போ உயரம், மார்பு அளந்துட்டு 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும், அப்புறம் கயிறு, கால வச்சு கவ்வி கவ்வி ஏறணும், வெளிய வந்தப்போ உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு சிவந்து கிடக்கு, தண்ணி பாட்டில கூட பிடிக்க முடியல அவனால.

எனக்கு உறுத்துறது ட்ரெயினிங்குக்கு அப்புறம்தான். நேரா ஸ்டேஷனுக்கு அனுப்பமாட்டாங்க, போலீஸ்லயே ஆயுதப்படைப் பிரிவுல போட்டு வருஷக்கணக்கா பந்தோபஸ்து, கோர்ட்டுக்கு கைதி வழிக்காவல்னு ஓடும். புகார் கொடுக்க வர்றவங்ககிட்ட பேசிப் பழகுறதையும் அந்த வயசுலயே கத்துக்கொடுங்கய்யா. தம்பி இப்போ செலக்‌ஷன் லிஸ்ட்டுக்காக காத்துக்கிட்டிருக்கான், காலையில ஓட்டத்த மட்டும் விடல.