தொண்டும் மாணவர் இதழும்: படிப்போடு சேர்த்துச் செய்தவை

தன்னார்வத் தொண்டில் சேரலாமா, மாணவர் இதழில் சேரலாமா என்று இளைய மாணவர்கள் கேட்கும்போது, முடிந்தால் இரண்டிலும் சேருங்கள் என்றே சொல்கிறேன். நான் அப்படித்தான் செய்தேன். ஒன்றில் பழகியது மற்றொன்றில் கைகொடுத்தது. இரண்டும் சேர்ந்து என் படிக்கும் முறையையே மாற்றின.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் ‘சொல்வதை எழுதுபவராக’ இருந்த அனுபவத்தை முதலில் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எளிய வேலை. கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்துத் தெளிவாக வாசிக்க வேண்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். கேட்டால் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் விடை தவறு என்று நமக்குத் தெரிந்தாலும் கை தயங்கக் கூடாது, குரலில் சிறு மாற்றம்கூடத் தெரியக் கூடாது. அது அவருடைய தேர்வு. தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் புரியும்.

அங்கே நான் கற்றது அதோடு முடியவில்லை. நன்றாகத் தயாராகி வந்த தேர்வர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்லும் முன்பே விடை முழுவதையும் மனத்துக்குள் வரிசைப்படுத்திவிடுவார்கள். எழுதிய தாளை அவர்களால் பார்க்க முடியாது. நடுவில் ஒன்றைச் செருகச் சொன்னால் நேரம் போய்விடும். எத்தனை பத்தி, எந்தப் பத்தியில் எந்த எடுத்துக்காட்டு என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, என் தேர்வுகளிலும் பெரிய வினா வந்தால் சிறிது நேரம் எழுதாமல் யோசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

குறுக்கிடாமல் கேட்கும் அந்தப் பழக்கம் மாணவர் இதழுக்காகப் பேட்டி எடுக்கப் போனபோது பெரிதும் உதவியது. “உங்களுக்கு மகிழ்ச்சிதானே?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். “அன்று என்ன நடந்தது?” என்று கேட்டால் மனிதர்கள் பேசத் தொடங்குவார்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். சற்றுப் பொறுத்தால் அவர்களே தொடர்வார்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அப்போதுதான் வரும். விடைபெறும் முன் பெயர், முன்னெழுத்து, எண்கள் ஆகியவற்றை வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

செய்தி எழுதுவதில் யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும் முதல் பாடம். முக்கியமானது முதலில் வர வேண்டும் என்பது அடுத்தது. இடம் போதாவிட்டால் இதழாசிரியர் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவார். நேரம் நெருக்கும் தேர்வுகளிலும் விடையின் சாரத்தை முதல் வரிகளிலேயே வைக்க இந்தப் பயிற்சி போதும்.

தொண்டும் எழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு செஞ்சிலுவை அமைப்புக்கு வித்திட்ட ஹென்றி டியூனான் வாழ்க்கையைப் படியுங்கள். 1859இல் இத்தாலியில் நடந்த சோல்ஃபெரினோ போருக்குப் பின் கவனிப்பாரின்றிக் கிடந்த வீரர்களுக்கு, எந்தப் பக்கத்தவர் என்று பாராமல், அந்த ஊர் மக்களோடு சேர்ந்து உதவினார். உதவியதோடு நின்றிருந்தால் அது அந்த ஊருக்குள்ளேயே அடங்கியிருக்கும். கண்டதையெல்லாம் நூலாக எழுதி 1862இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே செஞ்சிலுவை அமைப்பின் தொடக்கமான குழு ஜெனீவாவில் உருவானது. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரான்சின் அமைதி ஆர்வலர் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால் ஊடகப் பணி தொண்டை எளிதில் விளம்பரமாக்கிவிடும். உதவி பெறுபவரின் முகத்தைப் படம்பிடித்து வெளியிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கை நீட்டி நிற்பவரிடம் “படம் எடுக்கலாமா?” என்று கேட்டால் அவரால் எப்படி மறுக்க முடியும்? அந்தச் சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ணுவதில்லை. தொண்டு செய்யும் நாளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எழுத வேண்டுமென்றால் வேறொரு நாளில் போய், எதற்காக எழுதுகிறீர்கள், எங்கே வெளியாகும் என்று விளக்கி, மறுத்தாலும் உதவி நிற்காது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பல குழுக்களில் பெயர் கொடுக்காமல் ஒரு சிறிய பொறுப்பை எடுத்து ஆண்டு முழுவதும் விடாமல் செய்யுங்கள். தேர்வுக் கால அட்டவணை வந்த அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் எந்த வாரங்களில் வர இயலாது என்று சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்தச் சுமை இன்னொருவர் தலையில் விழும். செய்த வேலையை அன்றன்றே இரண்டு வரியில் குறித்து வையுங்கள். உதவித்தொகை நேர்காணலில் “தலைமைப் பண்பு வளர்ந்தது” என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். “பாடநூலிலிருந்த வரைபடங்களைப் பார்வையற்றவர்களுக்குப் புரியும்படி விவரித்து ஒலிப்பதிவு செய்தேன்” என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி அதைப் பற்றியே வரும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இதழில் மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஆள் கிடைப்பது அரிது என்பதால் எந்த ஆசிரியர் குழுவும் மகிழ்ந்து சேர்த்துக்கொள்ளும். மற்றவர் எழுத்தைத் திருத்தித் திருத்தியே உங்கள் எழுத்தும் சீராகிவிடும்.