ஷூவின் மேலே மட்டும் பாலிஷ் போட்டால் போதாது

அப்பா கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கிய கறுப்பு ஷூவைப் போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். மேல்தோல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடித்தோலின் ஓரம் சுற்றிலும் வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, தொட்டால் தேங்காய் மட்டை மாதிரி சொரசொரவென்று இருந்தது.

நாம் எல்லோரும் மேலே மட்டும்தான் பாலிஷ் போடுகிறோம். ஓரம் என்பது தோலை வெட்டிய வாய், மேற்பரப்பின் வழவழப்பு அங்கே கிடையாது, அதனால் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கும்பகோணம் பக்கம் ஐப்பசி அடைமழையில் மண்டப வாசலில் நாலு அடி நடந்தாலே போதும், ஓரம் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கடைசியில் அடுக்கே விட்டுப்போகும். நல்ல ஷூக்கள் இங்கே இப்படித்தான் வீணாகின்றன, அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

தாராசுரத்தில் செருப்பு தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து, ஓரத்தில் லேசாகச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாக இழுத்தார். சுருள் சுருளாக நார் உதிர்ந்தது. "முதல்ல நாரைச் சீவிடுங்க தம்பி, அப்புறம் தேயுங்க" என்றார்.

வீட்டில் கண்ணாடிக்குப் பதில் உப்புத்தாள் போதும். 120 நம்பர் தாளில் ஆரம்பித்து 220, பிறகு 400 (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்). மேல்தோலில் மறக்காமல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், நான் ஒருமுறை ஒட்டாமல் தேய்த்து விழுந்த கீறல் இன்றும் போகவில்லை. தையல் மேல் உப்புத்தாள் படவே கூடாது.

அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஈரத்துணியால் ஓரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அடித்தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிடுவார்களே, அந்த வகை. அதனால்தான் ஈரத்தோடு தேய்க்கும்போது நார்கள் படிந்து, இறுகி, மெல்ல மினுங்க ஆரம்பிக்கும். (ரப்பர் அடி வைத்த ஷூவுக்கு இதெல்லாம் பலிக்காது.)

காய்ந்ததும் லெதருக்கான கறுப்புச் சாயம் மெல்லிசாக இரண்டு தடவை. சரி, ஒரே தடவையில் அப்பிவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள், திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மறுநாள் தேன்மெழுகுக் கட்டியை ஓரத்தில் உரசி, பருத்தித் துணியால் சூடு பறக்கத் தேய்த்தால் மெழுகு இளகி உள்ளே இறங்கும். சாயமோ ஈரமோ, எதைக் காய வைப்பதானாலும் நிழலில்தான், வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

நேற்று ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், முத்து மாதிரி உருண்டு விழுந்தது. இடது குதிகாலில் ஓர் அடுக்கு மட்டும் லேசாகப் பிளந்திருக்கிறது, அதைப் பசை வைத்து அழுத்தித் தரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் கொண்டுபோகிறேன்.