பண்ணைக்குட்டையில் ஒலியின் நீள்வட்டம்

ஒலி நெட்டலை, அதற்குத் தளவிளைவு (போலரைசேஷன், அதாவது அசைவின் திசை பலவிதமாக அமைவது) கிடையாது என்று பள்ளியில் படித்திருப்போம். ஒற்றை அலை தடையில்லாமல் போகும்வரை அது சரிதான். நீர்த்துகள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும். ஆனால் ஆழம் குறைந்த நீரில், நேராக வரும் அலையோடு மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் வெவ்வேறு கோணத்தில், சற்று முன்பின்னாக வந்தால் துகள் நீள்வட்டத்தில் சுழலும். அழுத்தத்தை மட்டும் அளக்கும் ஹைட்ரோபோனுக்கு, அதாவது நீருக்கடியில் வைக்கும் மைக்குக்கு, இது தெரியவே தெரியாது. துகளின் அசைவை மூன்று அச்சிலும் அளக்கும் வெக்டர் சென்சார் வேண்டும். அப்படி ஒன்றைச் செய்து, அந்த நீள்வட்டத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இப்போது பார்த்துவிட்டேன்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஏடிஎக்ஸ்எல் 354 ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சில்லு) பலகையை 10 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்தின் நடுவில் வைத்து, நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த்தூள் கலந்த எபாக்ஸியை ஊற்றினேன். இதில் எடைதான் உயிர். பந்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியாக இருந்தால், அது சுற்றியுள்ள நீரோடு அப்படியே அசையும். இருமடங்கு அடர்த்தி என்றால் நீரின் அசைவில் 60 சதவீதம்தான் பந்துக்குக் கிடைக்கும். 10 செ.மீ. பந்துக்குச் சரியான எடை 524 கிராம். தூளைக் கூட்டிக் குறைத்துத்தான் அங்கே வர முடிந்தது. வாளித் தண்ணீரில் விட்ட இடத்திலேயே பந்து நின்றபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமா குனிந்து பார்த்து, "என்ன மாப்ளே, முங்கவும் மாட்டேங்குது, மிதக்கவும் மாட்டேங்குது?" என்றார். அதுதான் வேண்டியது.

பந்தை பிவிசி குழாய்ச் சட்டத்துக்குள் மெல்லிய எலாஸ்டிக்கில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே பீசோ தகட்டில் செய்த ஹைட்ரோபோனையும் கட்டினேன். சிக்னலைக் கணினிக்குள் கொண்டுபோகும் நான்கு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸில் மூன்று அச்சுக்கும் அழுத்தத்துக்கும் ஆளுக்கொரு சேனல். ஒலி எழுப்ப, எவர்சில்வர் டப்பாவின் மூடிக்கு உட்புறம் எக்சைட்டரை (ஒட்டிய பரப்பையே அதிரவைத்து ஒலி எழுப்பும் சிறு கருவி) ஒட்டி, சிலிக்கான் போட்டு அடைத்தேன். பிடிக்க வேண்டிய அசைவு மிகச் சிறியது. 400 ஹெர்ட்ஸில் 1 பாஸ்கல் ஒலிக்கு நீரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே சுருதியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுத்தால் இரைச்சலுக்கு மேல் நன்றாகத் தெரிகிறது.

முதலில் அல்சூரில் எங்கள் வீட்டு சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அங்கே எந்த மூலையில் வைத்தாலும் திரையில் துகளின் பாதை வெறும் கோடுதான். கோட்டின் சாய்வு மாறியதே தவிர, விரியவே இல்லை. நாலு பக்கமும் சுவர் என்பதால் ஒலி எங்கேயும் போகாமல் நிலையலையாக நின்றுவிடுகிறது. அப்போது கிடைத்திசை அசைவும் செங்குத்து அசைவும் ஒரே கட்டத்தில், முன்பின் இல்லாமல் ஒன்றாகவே நடக்கும், வட்டம் வராது. ஒலி ஒரு பக்கமாகப் பயணம் போகிற இடம் வேண்டும்.

ஆனேக்கல் பக்கம் மாமாவின் தோட்டத்தில் 3 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. அங்கே கிருஷி ஹொண்டா என்பார்கள். பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது, வெறும் மண். டப்பாவை நடு ஆழத்தில் இறக்கி, 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கவிட்டு, சென்சாரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மேற்பரப்பை ஒட்டி ஹைட்ரோபோனில் கிட்டத்தட்ட சத்தமே இல்லை, ஆனால் திரையில் நெட்டுக்குத்தாக ஒரு நீளக் கோடு. காற்றைத் தொடும் இடத்தில் அழுத்தம் எழும்ப முடியாது, நீர் தாராளமாக மேலும் கீழும் அசையும். இறக்க இறக்கக் கோடு வயிறு விரிந்தது. அரை மீட்டர் தாண்டியதும் கிட்டத்தட்ட வட்டம். கரையில் பட்டு வரும் ஒலியால் கொஞ்சம் சப்பைதான், ஆனாலும் வட்டம். பிறகு படுக்கையாகச் சுருங்கி, பாதி ஆழத்தில் கிடைக்கோடானது. அதற்கும் கீழே மறுபடி விரிந்தபோது எதிர்த்திசையில் சுற்றியது! இந்தத் திருப்பம் வரும் என்று கணக்குச் சொல்லியிருந்தது. கண்ணால் பார்ப்பது வேறு. ஒளியின் தளவிளைவை விவரிக்க இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852-ல் தந்த நான்கு அளவுருக்களையே இதற்கும் கணக்கிட்டேன். சுழற்சித் திசையைக் காட்டும் நான்காவது அளவுரு அதே ஆழத்தில் குறி மாறியிருந்தது.

அந்தக் குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார்கள். மீன்கள் காதுக்குள் இருக்கும் சிறு கல்லின் உதவியால் இந்தத் துகள் அசைவை நேரடியாகவே உணர்கின்றன. கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையையும் காதையும் இணைக்கும் எலும்புச் சங்கிலியும் உண்டு, அதனால் அழுத்தமும் நன்றாகக் கேட்கும். நான் எபாக்ஸி ஊற்றிச் செய்த நான்கு சேனலும் அவற்றுக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

அடுத்து 200 ஹெர்ட்ஸ். அடிமண் மெத்தென்ற சேறாக இருந்தால், 3 மீட்டர் ஆழத்தில் சுமார் 247 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பயணம் போகாமல் தேய்ந்துவிட வேண்டும், நீள்வட்டமும் கோடாகிவிட வேண்டும். அடி கெட்டியான பாறை என்றால் அந்த வரம்பு 123 ஹெர்ட்ஸ்தான், 200-லும் நீள்வட்டம் நிற்கும். அடியில் இருப்பது சேறா பாறையா என்பதைத் தோண்டாமலே இதை வைத்துச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன். மழைக்கு நீர்மட்டம் ஏறிவிட்டால் இந்த எண்கள் மாறிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும்.