உத்வாடாவில் ஈரான்ஷா தரிசனம்

ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜரதுஷ்டிர சமயத்தவரான பார்சிகளின் தலையாய திருத்தலமான உத்வாடா, குஜராத்தின் வல்சாடு மாவட்டத்தில் அரபிக்கடலை ஒட்டிய சிற்றூர். மும்பை–அகமதாபாத் இருப்புப்பாதையில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் ஊருக்குள் சென்றோம். திண்ணை வைத்த பழைய வீடுகளையும் வாசல்களில் இட்டிருந்த சுண்ணப்பொடிக் கோலங்களையும் கடந்தால் ஆலயம். பார்சிகள் அல்லாதவர்க்கு உள்ளே அனுமதியில்லை. அதை அறிந்தே போயிருந்ததால், வெளியே நின்று வணங்குவதில் எனக்குக் குறையேதும் தோன்றவில்லை; அர்ச்சகர் தவிர எவரும் கருவறைக்குள் நுழையாத கோயில்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதுமல்ல.

உள்ளே எரியும் நெருப்பின் திருப்பெயர் ஈரான்ஷா; ஈரானின் அரசன் என்று பொருள். அரபுப் படையெடுப்பில் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசு சரிந்து, கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகர்து 651இல் கொல்லப்பட்டார். பின்னாளில் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சானில் குடியேறிய பார்சிகள், தாங்கள் நிறுவிய நெருப்புக்கே அரசப் பட்டம் சூட்டினார்கள். இழந்த அரசனின் இடத்தில் அதை அமர்த்தினார்கள் என்றே எனக்குப் படுகிறது.

மின்னல் மூட்டிய தீ, குயவர் சூளைத் தீ, கொல்லர் உலைத் தீ, பிணம் எரித்த தீ என 16 வகை நெருப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பலமுறை தூய்மைப்படுத்தி ஒன்றாக்குவதே ‘ஆதஷ் பெஹ்ராம்’ எனும் உயர்நிலை நெருப்பை நிறுவும் முறை. இறந்தவரை எரிப்பது நெருப்புக்கு மாசு என்று கருதும் சமயம், சிதைத் தீயைக்கூடத் தள்ளாமல் மீட்டுச் சேர்த்துக்கொள்வது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மெய்க்கும் பொய்க்கும் இடையே ஓயாமல் நடக்கும் போராட்டத்தில் நற்சிந்தனை, நற்சொல், நற்செயல் ஆகியவற்றால் படைத்தவனான அகுரா மஸ்தாவின் பக்கம் நிற்பதே மனிதரின் கடமை என்ற, இச்சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரின் போதனை, அந்தச் சடங்கில் செயலாகிறது. நெருப்பை அவர்கள் படைத்தவனாகக் கருதுவதில்லை. அவனது ஒளியின் அடையாளமாகப் போற்றுகிறார்கள்.

சஞ்சான் படையெடுப்புக்கு உள்ளானபோது அர்ச்சகர்கள் இந்நெருப்பைப் பஹ்ரோத் குன்றின் குகைகளில் மறைத்துக் காத்தார்கள் என்பது மரபு. பிறகு வான்ஸ்தா, நவசாரி, சூரத், வல்சாடு என்று இடம் மாறி, 1742இல் உத்வாடா வந்து சேர்ந்தது. இத்தனை அலைச்சலுக்குப் பின் அந்தக் கதவு சாத்தியே இருப்பதில் வியப்பென்ன?

நாளின் ஐந்து பொழுதுகளிலும் அர்ச்சகர் மூச்சுக்காற்று படாதபடி வாயை வெண்துணியால் மூடிக்கொண்டு, சந்தனக்கட்டை இட்டு, மணியடித்து வழிபடுகிறார். பார்சி நாட்காட்டியின் ஆதர் மாதத்தில் வரும் ஆதர் நாள் ஈரான்ஷாவின் ஆண்டுவிழா. அன்று பல ஊர்களிலிருந்தும் பார்சிகள் திரண்டு வந்து சந்தனக்கட்டை சமர்ப்பிக்கிறார்கள்.